கால் ஒடிந்தவர் வீட்டு நாய்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், சங்கக் காரியாலயத்துப் படியில் ஒரு தம்பி ஒற்றைக் காலை ஊன்றி மெல்ல ஏறி வந்தார். செம்பனைக் குலை வெட்டுகிற வேலை. 20 கிலோவுக்குக் குறையாத குலை ஒன்று, நினைத்த பக்கம் விழாமல் அவர் பாதத்தின் மேலேயே விழுந்து எலும்பு விட்டுப் போயிருந்தது. வந்தது சொக்சோ விஷயமாக. விபத்து நடந்ததைத் தெரிந்துகொண்ட 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்கு அறிவித்ததா, டாக்டர் கொடுத்த எம்.சி. தாள்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்து, பாரங்களை நிரப்பிக் கொடுத்தோம். எம்.சி. நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் தற்காலிக ஊன உதவித் தொகை உண்டு. சட்டப்படி கணக்கிடும் சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. அந்த நாள்களில் வேறு எங்கும் வேலை செய்து சம்பளம் வாங்கக் கூடாது. இதெல்லாம் இந்தப் பகுதியில் பல தடவை எழுதியதுதான். தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் திரும்பவும் சொல்கிறோம்.

எல்லாம் முடிந்தது. தம்பி எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, இன்னொண்ணு கேக்கணும். வீட்ல ஒரு நாய் இருக்கு. ஒரு வயசு ஆகல. நல்லா பழக்கிக்கிட்டு வந்தேன். இப்ப நான் படுத்துட்டேன். அது லயத்தையே ரெண்டாக்குது. ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. எங்கயாவது ரோட்டோரமா கொண்டு போயி விட்டுடலாமான்னு பாக்கிறேன்."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சங்கத்துக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுக்குச் சிரிப்பு. நமக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற யோக்கியதையும் நமக்கு இல்லை. 2018ஆம் ஆண்டில் இதே கேள்வியோடு நாமும் மூன்று மாதம் கிடந்தவர்கள்தான்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு தோட்டத்தில் கூட்டம் முடித்து இரவு திரும்பும்போது, செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் வழுக்கி விழுந்தோம். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து போனது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. முதல் ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. வீட்டுக்காரர் தோட்டத்து நாற்று மேடையில் வேலை; விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் பிரட்டுக்குக் கிளம்பிவிடுவார். மகனுக்கு அப்போது 12 வயது; அவன் பள்ளிக்கூட வேனுக்குப் போய்விடுவான். பிறகு வீட்டில் நாமும் சாய்வு நாற்காலியும், பின்னால் சங்கிலியில் டைகரும்தான்.

டைகருக்கு அப்போது எட்டு மாதம். நாட்டு நாய்தான். தவிட்டு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். லயத்து வீட்டில் நாய் எதற்கு என்று பட்டணத்து ஆட்கள் கேட்கலாம். செம்பனைக் காட்டில் எலி. எலியைத் தேடி நாகம். கொல்லையில் நாலு மூடு மரவள்ளி வைத்தால் இரவில் காட்டுப்பன்றி வந்து கிளறிவிட்டுப் போகும். விடிவதற்குள் பெண்கள் வேலைக்குப் போகிற வீட்டில் குரைக்க ஒரு ஜீவன் வேண்டியிருக்கிறது.

அதைப் பழக்குவதற்கு நாம் வைத்திருந்தது ஒரு பிரம்பு. உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் ஒன்று. நம் அப்பா நாய் பழக்கியது அப்படித்தான். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் நம்மைப் பழக்கியதும் ஏறக்குறைய அப்படித்தான். எட்டு மாதத்தில் அது உட்காரக் கற்றிருந்தது. கூப்பிட்டால் பாதித் தடவை வரும். கயிறு பிடித்து நடக்க அப்போதுதான் ஆரம்பித்திருந்தோம்.

கால் ஒடிந்த பிறகு அதை யாரும் அவிழ்க்கவில்லை. ஓடி ஆடித் திரிந்த இளநாயை நாள் முழுக்கக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? இரவெல்லாம் குரைத்தது. கழுவுகிற மேடைக்கு அடியில் மண்ணைத் தோண்டிக் குழியாக்கியது. மகனுடைய சிலிப்பரைக் கடித்துத் துண்டாக்கியது. பத்தாவது நாள் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடி, இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டியின் முட்டையிடுகிற கோழியைக் கொன்றுவிட்டது. கோழிக்குப் பணம் கொடுத்தோம். பாட்டி வாங்கிக்கொண்டார், ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் நம் வீட்டு வாசலைப் பார்க்கவே இல்லை.

அதைவிடச் சங்கடம் வேறு ஒன்று. நம் லயத்தில் இப்போது பாதிக் கதவுகளுக்குப் பின்னால் இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். முஸ்லிம் குடும்பங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்கப்படி மண் கலந்த நீரோடு சேர்த்து ஏழு முறை கழுவ வேண்டும். டைகர் போய் அவர்கள் வாசற்படியில் படுத்துக்கொண்டது. காயப் போட்டிருந்த தொழுகைத் துணியை முகர்ந்து இழுத்தது. அந்த வீட்டுத் தம்பி சண்டைக்கு வரவில்லை. ஒடிந்த காலோடு கிடக்கிற மனுஷன் என்று நினைத்திருப்பார். வாசலில் நின்று, "அபாங், அந்த நாயைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மலாயில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால் நமக்குத் தெம்பாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னதில்தான் கூனிப் போனோம்.

மறுநாள் ஆபீஸிலிருந்து கிராணி வந்தார். இரண்டு வாரத்தில் நாய் அடங்கவில்லை என்றால் நகராண்மை ஆட்களுக்குச் சொல்லிவிடுவார்களாம். அவர்கள் வந்து பிடித்துப் போனால் திரும்பி வருகிற நாய் குறைவு. இது எல்லாருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் கக்கத்துக் கட்டை இரண்டையும் ஊன்றிக்கொண்டு, விபத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பின்கட்டுக்குப் போனோம். வாலை ஆட்டிக்கொண்டு வரும் என்று நினைத்தோம். டைகர் நம்மைப் பார்த்தது. கையில் கட்டையைப் பார்த்தது. வயிறு தரையில் படப் பதுங்கி, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு, தான் தோண்டிய குழிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.

"கட்டையப் பாத்துப் பயந்துட்டுதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

நாம் பதில் சொல்லவில்லை. கட்டையை அது அன்றுதான் பார்க்கிறது. அதைப் பிடித்திருந்த கையை எட்டு மாதமாகப் பார்த்து வருகிறது.

மேடைகளில் நின்று தொழிலாளியை மிரட்டி வேலை வாங்காதே என்று 20 வருஷம் பேசிய வாய் இது. அந்தப் பேச்சு நம் பின்கட்டு வரைக்கும் போய்ச் சேரவில்லை. இதை இங்கே எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த வாரம் நம்மைப் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். போலீஸில் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் வழியில் தூரத்துச் சொந்தம். ஆப்பிள் பழமும் ஆர்லிக்ஸும் கொண்டு வந்தார். அவரிடம் நாயைப் பற்றிப் புலம்பினோம். கால் சரியாகி எழுந்து நடந்த பிறகுதான் பழக்க முடியும், அதற்குள் கொண்டு போய்விடுவார்கள் என்றோம். பெரியவர் சொன்னார்:

"நாய் ஒன் காலையா பாக்குது தம்பி? ஒன் கையையும் மொகத்தையும் பாக்குது. அதுக்கு நீ எதுக்கு எழுந்து நடக்கணும்?"

அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததைத்தான் அந்தத் தம்பிக்கும் சொன்னோம். கை கால் அடிபட்டு வீட்டில் கிடக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும். நாம் "உட்கார்" என்போம், வீட்டுக்காரர் "உக்காரு, உக்காருடா கண்ணு" என்பார், மகன் பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷில் "சிட்" என்பான். டைகர் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கும். நாய்க்குத் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, ஓசைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து பேசி ஐந்து வார்த்தைகளை முடிவு செய்தோம்: உக்காரு, இரு, வா, விடு, போதும். ஒரு அட்டையில் எழுதிச் சாமிப் படத்துக்குக் கீழே ஒட்டினான் மகன். நம் வீட்டில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

இரண்டாவது, கூலி. நாய்க்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடித்தம், முன்பணம் எதுவும் செல்லாது. சொன்னதைச் செய்த அந்த வினாடியே கையில் வந்தாக வேண்டும். உட்கார்ந்தது, நாம் நல்லவன் என்று சொல்லி, டப்பாவைத் தேடி, மூடியைத் திறந்து கொடுப்பதற்குள் அது எழுந்து நின்றுவிட்டால், எழுந்ததற்குக் கூலி கொடுத்ததாகத்தான் அது கணக்கு வைக்கும். ஆகவே தீனி நாற்காலி ஓரத்திலேயே தயாராக இருக்க வேண்டும். நாம் நெத்திலியை ஊற வைத்து உப்பைக் கழித்துப் பிய்த்து வைத்துக்கொண்டோம். வேக வைத்த கோழி ஈரல் மொச்சைக்கொட்டை அளவுக்கு நறுக்கினால் இன்னும் நல்லது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கொடுக்கக் கூடாது, நாய்க்கு விஷம். வேக வைத்த கோழி எலும்பும் வேண்டாம், சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். ஓட்டம் குறைந்த நாய்க்கு இப்படித் தீனி சேர்ந்தால் கொழுத்துப் போகும் என்பதால், சாயங்காலச் சோற்றில் ஒரு கை குறைத்துவிட வேண்டும்.

நேரம் ஐந்தே நிமிஷம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. வேலைக்குப் போகிற காலத்தில் நமக்கு இது முடிந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போட்டு வதைப்போம், பிறகு ஆறு நாள் திரும்பிப் பார்க்க மாட்டோம். கிடந்தபோதுதான் நாளைக்கு மூன்று தடவை கிடைத்தது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் அந்தக் கட்டையின் பயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் வராத நாய்க்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? பெரியவர் சொன்னபடி, கட்டை இரண்டையும் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் படுக்கப் போட்டு, சுற்றிலும் நெத்திலியைத் தூவிவிட்டு, நாம் பத்தடி தள்ளி வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டோம். கூப்பிடவில்லை. முதல் நாள் அது குழியை விட்டு வரவே இல்லை, காக்கை தின்றது. இரண்டாம் நாள் கழுத்தை நீட்டித் தூரத்தில் கிடந்ததை மட்டும் எடுத்தது. நான்காம் நாள் கட்டையின் மேல் கிடந்ததை எடுத்தது. பிறகு கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தோம். பிறகு வீட்டுக்காரர் அதைத் தூக்கி ஒரு சாண் நகர்த்தினார். பிறகு நாம் உட்கார்ந்தபடியே மடியில் வைத்துக்கொண்டோம். தரையில் தட்டுகிற ஓசைக்குத் தனியாக மூன்று நாள் ஆயிற்று. நாம் கட்டையை ஊன்றி எழுந்து நின்று அது ஓடாமல் இருந்தது பதினோராம் நாள். கிராணி கொடுத்த கெடுவில் மூன்று நாள்தான் பாக்கி.

பிரம்பை அடுப்பில் வைக்கச் சொன்னோம். வீட்டுக்காரர் வைக்கவில்லை. கொடித் துணியைத் தூக்க ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

கெடு முடிகிற அன்று டைகர் ஒன்றும் பெரிய வித்தை கற்றிருக்கவில்லை. ஒன்றே ஒன்று தெரியும்: சாக்கு. பழைய உரச் சாக்கு வேண்டாம், மருந்து வாடை இருக்கும். அரிசிச் சாக்கை நன்றாகத் துவைத்து நாற்காலிக்குப் பக்கத்தில் விரித்தோம். சாக்கில் கால் வைத்தால் ஒரு நெத்திலி. உட்கார்ந்தால் ஒன்று. படுத்தால் இரண்டு. எழுந்து போனால் திட்டு இல்லை, அடி இல்லை, நெத்திலியும் இல்லை. இரண்டே நாளில் நாம் நாற்காலியில் உட்கார்ந்தால் அது தானாக வந்து சாக்கில் படுக்க ஆரம்பித்தது. கிராணி வந்து பார்த்தபோது சாக்கில்தான் படுத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல், "கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார். கெடுவைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

அதன் பின் அவசரமில்லாமல் நடந்தது. "இரு" என்பதில்தான் பலர் தப்புச் செய்வார்கள் என்று பெரியவர் சொன்னார். நேரம், தூரம், கவனம் கலைக்கிற சங்கதி, இந்த மூன்றையும் ஒரே நாளில் கூட்டக் கூடாது. முதலில் நேரம்: ஐந்து வினாடி, பத்து, அரை நிமிஷம், இரண்டு நிமிஷம். இதற்கு நாம் அசைய வேண்டியதே இல்லை. கால் ஒடிந்தவருக்கென்றே செய்த பாடம். தூரம் வேண்டும் என்றபோது நாம் இருந்த இடத்தில் இருக்க, மகன் போய் வேலியோரம் நிற்பான். கவனம் கலைக்கிற சங்கதிக்கு நம் லயத்தில் பஞ்சமில்லை. கோழி போகும், ரொட்டிக்காரர் ஹாரன் அடிப்பார், லோரி போகும். கோழி போகும்போது மட்டும் கூலி இரட்டை. பொது விடுமுறை வேலைக்குக் கூடுதல் சம்பளம் மாதிரி.

"விடு" என்பதற்கு, மூடிய கைக்குள் தீனியை வைத்து மூக்குக்கு முன் நீட்டுவது. நக்கும், பிறாண்டும். கையைத் திறக்கக் கூடாது. ஒரு கட்டத்தில் மூக்கைப் பின்னால் இழுக்கும். அந்தக் கணத்தில் "விடு" என்று சொல்லி மற்றொரு கையிலிருந்து கொடுக்க வேண்டும். திறந்த உள்ளங்கையில் மூக்கை வைக்கப் பழக்குவதும் அப்படித்தான். இது விளையாட்டு மாதிரித் தெரியும். கட்டை ஊன்றியவருக்கு இதைப் போல் உதவுவது வேறில்லை. வழியில் படுத்திருக்கிற நாயைக் காலால் தள்ளவும் முடியாது, குனிந்து இழுக்கவும் முடியாது. கையை நீட்டினால் எழுந்து அந்தப் பக்கம் வந்துவிடும்.

"வா" என்பதற்கு பத்து மீட்டர் கயிறு வாங்கிக் கழுத்துப் பட்டையில் கட்டி, மகன் ஒரு முனையிலும் நாம் ஒரு முனையிலுமாக மாறி மாறிக் கூப்பிட்டோம். வந்த நாயை ஒருபோதும் திட்டக் கூடாது, பாட்டியின் கோழியைத் தின்றுவிட்டு வந்தால்கூட. வந்ததற்கு அடி வாங்கிய நாய் மறுபடி வராது. நம் டைகர் பாதித் தடவை வராமல் இருந்ததன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கியது.

ஓட்டத்துக்கு என்ன செய்வது? மூக்கு இருக்கிறதே. மூன்று தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து ஒன்றின் கீழ் மட்டும் ஈரலை வைத்துத் தேடச் சொன்னான் மகன். ஒரு கைப்பிடி தீனியைப் புல்லில் வீசிவிட்டால் கால் மணி நேரம் மோந்து மோந்து பொறுக்கும். கால் மணி நேரம் மூக்கால் வேலை செய்த நாய் ஒரு மைல் ஓடி வந்தது போல் படுத்துத் தூங்கியதைக் கண்ணால் பார்த்தோம். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் சிரட்டை விளையாட்டைப் பார்க்கக் கூடிவிடுவார்கள். இந்தோனேசியத் தம்பியின் மகளும் தூரத்தில் நின்று பார்ப்பாள். அவள் நிற்கும்போது நாய் கயிற்றிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

நாம் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது வாரம், இனி நாமே கொஞ்சம் நடத்திப் பார்ப்போமே என்று, கட்டை இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாய்க் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டோம். ஒரு பூனை குறுக்கே போயிற்று. அவ்வளவுதான். கட்டை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் எக்ஸ்ரே. எலும்பு நகரவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர் திட்ட ஆரம்பித்தார். அதுவரை அழுதுகொண்டிருந்தார். ஆகவே சொல்கிறோம்: கட்டை ஊன்றுகிற காலத்தில் கயிறு உங்கள் கையில் இருக்கவே கூடாது. நடை கொண்டு போவது மகனோ மகளோ பக்கத்து வீட்டுத் தம்பியோ ஆகட்டும். நாய் மோந்து மோந்து மெதுவாகப் போகட்டும், தூரம் முக்கியமில்லை. நம்மோடு ஒட்டி நடக்கிற பாடத்தைக் கால் தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். நாற்காலியிலிருந்து எல்லாம் முடியாது. முடியாததற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

எம்.சி.யில் இருந்துகொண்டே நாயைக் கூட்டிக்கொண்டு பன்றி விரட்டப் போகிற சகோதரர்கள் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டோம். மேடு பள்ளமான செம்பனைக் காட்டில் அரைகுறைக் காலோடு இரவில் நடந்து மறுபடி விழுந்தால், அந்தக் கால் யாருடையது என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

புண்ணை நாய் நக்கினால் ஆறும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். நாயின் வாயில் இருக்கிற கிருமிகள் திறந்த புண் வழியாக இரத்தத்தில் கலந்தால் ஆளையே சாய்த்துவிடும். இனிப்பு நீர் உள்ளவர்களும் மண்ணீரல் எடுத்தவர்களும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம் தோட்டங்களில் இனிப்பு நீர் இல்லாத வீடு எது? புண்ணை மூடி வையுங்கள், நாயைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாய் யாரையாவது கடித்துவிட்டால் சோப்பும் ஓடுகிற தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நம் நாட்டில் வெறிநாய்க் கடி நோய் ஒழிந்தது என்று இருந்தோம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு பக்கம் திரும்ப வந்தது. 2017இல் சரவாக்கில் பரவி உயிர்களைக் கொண்டு போனது. ஆகவே கட்டிப் போட்ட நாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். தடுப்பூசியைக் கால்நடை இலாகாவில் கேட்டுப் போட்டுவிடுங்கள், நகராண்மை லைசென்ஸையும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. வலி அதிகமான நாளில் பாடம் வேண்டாம். நமக்கு இரவில் எலும்பு குடையும். காலையில் எரிந்து விழுவோம். அப்படி ஒரு காலையில் டைகர் மூன்று தடவை சொல்லியும் உட்காராதபோது கை தானாகக் கட்டையைத் தேடியது. தேடியது என்பதை நாம்தான் கவனித்தோம், நல்லவேளை நாய் கவனிக்கவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டோம். ஒரு நாள் விட்டுப் போனதால் அது எதையும் மறக்கவில்லை.

ஐந்தாம் மாதம் கட்டை இல்லாமல் நடந்தோம். அதற்கு மறு வாரமே டைகர் கயிறு தளர்ந்தபடி பக்கத்தில் நடந்து வந்தது, யாரும் சொல்லிக் கொடுக்காமல். நம் நொண்டி நடைக்கு அது பழகியிருந்தது போலும். இப்போது அதற்கும் முகவாய் நரைத்துவிட்டது.

அந்தத் தம்பிக்கு இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. வெளியே வேன் காத்திருந்தது. சாக்கும் நெத்திலியும் ஐந்து வார்த்தையும் போதும், இரண்டு வாரம் பாருங்கள், அதற்குள் எங்கேயும் கொண்டு போய் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினோம். ஆபீஸுக்கு நாமே போன் செய்து, மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டோம். சங்கத்தின் பெயரால் நாய்க்காகக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவர்களும் சரி என்றார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஒரு கிளைக் கூட்டம். முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனோம். கறுப்பு நாய், மெலிந்த உடம்பு. வாசலில் சாக்கில் படுத்திருந்தது. நம்மைக் கண்டு குரைத்தது; தம்பி "இரு" என்றார், படுத்தது; தம்பி கைலி மடிப்பிலிருந்து எதையோ எடுத்துப் போட்டார். எம்.சி. இன்னும் மூன்று வாரம் நீண்டிருக்கிறதாம், அந்தத் தாளையும் நம்மிடம் கொடுத்தார். கக்கத்துக் கட்டைக்கு இப்போது பயப்படுவதில்லையாம்.

"ஆனா வெளக்குமாத்தக் கண்டா இன்னும் ஓடுதுண்ணே" என்றார்.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கச்சி சிரித்தார். அந்தப் பாடத்தை இனி அவர்தான் எடுக்க வேண்டும்.